மிச்சக் கலவை

ஆவணி பிறந்ததும் பிறக்காததுமாக அழகுமலை கடப்பாரையைத் தூக்கிவிட்டான். சேவூர் போகும் வழியில் பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமிக்கு ஒரு தோட்டம். காவல், தண்ணீர் பாய்ச்சல், மோட்டார் பார்ப்பது எல்லாம் அழகுமலைதான். தோட்டத்து வீட்டு வாசலில் பரப்பியிருந்த பேவர் கற்களின் மேல் நாலு இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தது. அந்த நாலு கட்டத்திலும் குழி வெட்ட வேண்டும். முதல் கல்தான் அடம் பிடித்தது. அதை நெம்பி எடுத்த பிறகு மற்றவை ஒவ்வொன்றாய்க் கழன்று வந்தன. கீழே ஒரு விரற்கடை மணல், அதற்கும் கீழே செம்மண். இந்த விரற்கடை மணலை நம்பித்தானே அத்தனை பெரிய மரப்பந்தல் ஆடிக் காற்றில் நின்றது என்று நினைத்தபோது கை ஓடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு மறுபடி குத்தினான்.

காவல் அறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஜன்னலை ஒட்டிப் போட்ட இரும்புக் கட்டிலில் அவன் மனைவி பாண்டியம்மாள் படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று கட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. நாள் முழுக்கச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவன்தான் இழுத்துத் திருப்பிப் போட்டான். போட்ட பிறகுதான் உறைத்தது. அங்கிருந்து அவள் பார்ப்பதற்கு இருந்ததெல்லாம் அவளைச் சாய்த்த அந்த இடம் மட்டும்தான். மறுபடி திருப்பினால் ஏன் என்று கேட்பாள். அப்படியே விட்டுவிட்டான்.

“ஏங்க, எம்புட்டு ஆழம் தோண்டச் சொல்லியிருக்காக?” ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“மூணடி.”

“அம்புட்டா? சப்பரத்த நிப்பாட்டப் போறாகளா, கோயிலு கட்டப் போறாகளா?”

முதலாளி வீட்டில் அதற்குப் பெயர் கெசிபோ. நாலு காலில் நிற்கும் மரப்பந்தல், மேலே கூம்பாகக் கூரை, உள்ளே சுற்றி உட்கார பெஞ்சு. பாண்டியம்மாள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. வந்து இறங்கிய அன்றே ஊர்த் திருவிழாச் சப்பரம் கணக்காக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள், அதோடு அதற்குச் சப்பரம் என்றே பெயராகிவிட்டது. கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். திருப்பூருக்கு வந்த புதிதில் அவள் சித்தாளாகக் கலவை சுமந்தாள், பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாள், பிறகு இந்தத் தோட்டம். எந்த வேலையில் போட்டாலும் அந்த வேலையின் வாயும் அவளுக்கு வந்துவிடும்.

அந்தச் சப்பரத்தைச் செய்தவர் காங்கேயத்து ஆசாரி சண்முகவேல். அவர் அதை ஆடி மாதத்தில் கொண்டுவந்து இறக்கியபோதே தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஏனுங்க, கான்கிரீட் தரையா இருந்தா ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் எறக்கிரலாமுங்க. வெறும் மண்ணுன்னா குழி வெட்டிக் கட்டிரலாம். இது பேவர் கல்லுங்க, மணல் மேல சும்மா ஒக்காந்திருக்குது. இதுல போல்ட் அடிச்சா காத்து கல்லையுஞ் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும். நாலு எடத்துல கல்லப் பேத்து, குழி வெட்டிக் கான்கிரீட் போட்டாத்தான் நிக்குமுங்க. உடுமலைப் பக்கம் காத்தாடி சுத்தற காட்டுலயே அப்படித்தான் நிறுத்திக் குடுத்திருக்கறனுங்க.”

ரத்தினசாமி தலையாட்டினார். அவர் மனைவி செல்லாத்தாள் ஆட்டவில்லை. “ஆடி மாசத்துல பூமியத் தோண்டறதாங்க? கல்யாணம் வெச்சிருக்கற ஊடு. ஆவணி பொறக்கட்டும், அப்பறம் ஆழமா வெட்டிக்கலாம்” என்றார். ஆடியில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் பறிக்கக் கூடாது, யாருக்குத்தான் தெரியாது? ரத்தினசாமிக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்க வரும் பையருக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. அவனுக்குத் தோட்டத்தில் விருந்து என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆக, குழி வெட்டாமல் சும்மா நிற்க வைப்பது என்று முடிவாயிற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்ததும் நம் சனம்தான், அந்த ஆடியில் மண்ணைத் தொடாதே என்று சொல்லி வைத்ததும் நம் சனம்தான். இரண்டையும் சொன்ன வாய் ஒன்றுதான் என்றால் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? சண்முகவேல் சாயப்பட்டறை நீல டிரம் நாலை வாங்கி, மணலை ரொப்பி, காலுக்கு ஒன்றாகச் சேர்த்து இறுக்கிவிட்டுப் போனார். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் காற்று என்ன ஆட்டம் ஆடியும் அது அசையவில்லை.

அப்படியே விட்டிருந்தால் பாண்டியம்மாள் இன்றைக்கு இதே வாசலில் நின்று அவனுக்குக் குழி வெட்டத் தெரியவில்லை என்று நக்கல் பண்ணிக்கொண்டிருப்பாள். பையர் வருகிற அன்று காலையில், போட்டோவில் சாய டிரம் விழுந்தால் நல்லா இருக்காது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆட்கள் வந்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் மணலைக் கொட்டிவிட்டு டிரம்மையும் அங்கேயே உருட்டிவிட்டார்கள். அன்று காற்றும் என்னவோ பையருக்கு மரியாதை கொடுத்ததுபோல் அடங்கியே இருந்தது. பையர் சாப்பிட்டான், சிரித்தான், போனான். ஆட்களும் போய்விட்டார்கள். மணல் குவியல் மட்டும் கிடந்தது. அத்தனை மணலையும் ஒற்றை ஆளாய் அள்ளி ரொப்ப அழகுமலைக்கு மலைப்பாக இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று பனியன் துணிக் கயிற்றை எடுத்துவந்து நாலு காலையும் வேப்ப மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இழுத்துக் கட்டினான். திருப்பூரில் அந்தக் கயிறு கட்டாத சாமான் உண்டா? கட்டிங் வேஸ்ட்டை முறுக்கினால் மாட்டைக் கட்டலாம், மூட்டையைக் கட்டலாம், வண்டி பம்பரைக்கூடக் கட்டலாம்.

பாண்டியம்மாள் அந்தக் கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். “ஏங்க, இது பனியன் துணி. இழுபடுமே” என்றாள்.

“முறுக்குனா இழுபடாது. நீ செக்கிங்ல பாத்ததெல்லாம் இங்க வந்து பாக்காத, போ” என்றான் அவன்.

மறுநாள் காலையில் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போனான், பிறகு மோட்டார் மக்கர் பண்ணியது, டிரம் மறந்தே போயிற்று. மத்தியானம் பாண்டியம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சப்பரத்துக்குள் விழுந்துகிடந்த வேப்பிலையைக் கூட்டப் போனாள். அவன் மோட்டார் ரூமில் இருந்தான். காற்று கூரைக்கு அடியில் புகுந்து, குடையைத் தூக்குவதுபோல் மொத்தத்தையும் தூக்கியிருக்கிறது. கயிறு அறுந்திருந்தால்கூட அது அப்படியே பறந்து தள்ளிப் போயிருக்கும். அறவில்லை. அவள் சொன்னபடியே இழுபட்டது. இழுபட்டு, போக விட்டு, திரும்பச் சுண்டி இழுத்தது. சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தபோது சப்பரம் ஒருக்களித்துக் கிடந்தது, உத்தரம் அவள் முதுகின் மேல் கிடந்தது. விளக்குமாறு இன்னும் கையில் இருந்தது.

ரத்தினசாமியைக் குறை சொல்ல முடியாது. தன் காரில் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கோயமுத்தூரில் சேர்த்தார். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து டாக்டர் அழகுமலையை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தண்டுவடம் போய்விட்டது, இனிமேல் கால் வராது, வீல்சேரில் உட்காரப் பழக்குங்கள் என்றார். அவன் எல்லாவற்றுக்கும் சரிங்க சார் சரிங்க சார் என்றான். வார்டுக்குத் திரும்பி வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று பாண்டியம்மாள் கேட்டாள். தை பிறந்தால் எழுந்துவிடுவாயாம் என்று சொல்லிவிட்டான். அவன் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது, வாய் தானாகச் சொன்னது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எத்தனையோ கஷ்டத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய வாய். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகள் அபிராமி கைக்குழந்தையோடு வந்து பார்த்து அழுதபோது, “எதுக்குடி அழுகுற, தைக்கு எந்திரிச்சிருவேன்ல” என்று அவளே ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பொய்யை அவனால் திரும்ப வாங்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை.

இரண்டாவது குழி பாதியில் இருக்கும்போது சண்முகவேலின் வேன் வந்தது. சிமெண்டு, ஜல்லி, இரும்புத் தகடுகள், ஒரு ரசமட்டம் எல்லாம் இறங்கின. கடைசியாக ஒரு பெரிய அட்டைப் பெட்டியும் இறங்கியது.

“கம்பெனியில குடுத்து உட்டாங்கண்ணா. வீல்சேருங்க” என்றார் சண்முகவேல்.

“சத்தமாச் சொல்லாதீக” என்று அழகுமலை ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். இருவருமாகப் பெட்டியைத் தூக்கிப் போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால், அந்த மணல் குவியலுக்குப் பக்கத்தில், தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள்.

“அக்காகிட்ட இன்னும் சொல்லலீங்களா?”

அழகுமலை இல்லை என்று தலையசைத்தான்.

“எத்தன நாளைக்குங்கண்ணா இப்படி மறைப்பீங்க?”

“சொல்லணும். எப்படிச் சொல்லன்னுதான் தெரியல.”

மத்தியானத்துக்குள் நாலு குழியும் ஆயிற்று. சண்முகவேல் ஒவ்வொன்றிலும் இறங்கி நின்று பார்த்தார். கான்கிரீட்டுக்குள் போல்ட்டை நிறுத்தி, மேலே தகடு வைத்து, மரக்கால் மண்ணைத் தொடாமல் அந்தத் தகட்டின் மேல்தான் நிற்குமாம். மண் தொட்டால் கரையான் அரித்துவிடும். சப்பரம் தனித்தனியாகக் கழற்றப்பட்டு மதில் ஓரம் கிடந்தது. உத்தரத்தை மட்டும் இழைத்துப் புது வார்னிஷ் அடித்திருந்தார். எதற்காக அதை மட்டும் இழைத்தார் என்று அழகுமலை கேட்கவில்லை.

“அன்னைக்கே தோண்டியிருந்தா எம்புட்டு ஆழம் போதும்?” என்று மட்டும் கேட்டான்.

சண்முகவேல் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “ரெண்டடியே போதுமுங்க” என்றார் பிறகு.

“எம்புட்டு நேர வேல?”

“ஒரு நேரத்து வேலைதானுங்க.” சற்றுப் பொறுத்து, “நானு குழியில்லாம நிறுத்தமாட்டேன்னு சொல்லிப்போட்டு அப்பவே வண்டிய எடுத்திருக்கோணும்ண்ணா” என்றார்.

“நானும் மணல அள்ளியிருக்கணும்” என்றான் அழகுமலை.

கலவை போடும் முன் செல்லாத்தாள் தட்டில் எலுமிச்சம்பழமும் மஞ்சளும் கற்பூரமுமாக வந்தார். ஒவ்வொரு குழியிலும் பழத்தை வெட்டிப் போட்டுக் கும்பிட்டார். பிறகு நேராகக் காவல் அறைக்குப் போய்ப் பாண்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை அது.

“எப்படி ஓடியாடித் திரிஞ்ச புள்ள” என்றார். “நாங்க நாளு கெழமை பாக்காம ஒண்ணும் பண்ணலியே அழகுமலை. ஆடி முச்சூடும் இந்த மண்ணுல ஒரு குழி வெட்டலையே. அப்படியும் இப்படி வந்துருச்சு பாரு.”

“ஆமாங்கம்மா” என்றான் அழகுமலை. அந்த அம்மாளிடம் வேறு என்ன சொல்ல? ஒரு குழி வெட்டாததால்தான் வந்தது என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகிவிடும்? அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் அழும். பாண்டியம்மாளின் கால் வந்துவிடுமா? அவன் மண்வெட்டியை எடுத்துக் கலவையைப் புரட்டினான்.

நாலு குழியும் ரொம்பியது. போல்ட்டுகள் நேராக நிற்கின்றனவா என்று சண்முகவேல் மட்டம் பார்த்தார். இனி எந்த ஆடி வந்தாலும் அசைக்க முடியாது என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டியில் பார்த்தால் கலவை நிறைய மிஞ்சிக் கிடந்தது.

“கொட்டிரலாங்களா? வேற எங்காச்சும் வேணுமுங்களா?”

ஜன்னலிலிருந்து உடனே பதில் வந்தது. அவள் தூங்கவே இல்லை. “ஏங்க, கொட்டிராதீக. நம்ம வாசப்படியக் கட்டிருங்க. எத்தன நாளாச் சொல்றேன்.”

காவல் அறைக்கு இரண்டு படி. கீழ்ப்படி உடைந்து ஒரு மூலை போயிருந்தது. இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருப்பதும், அவன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

“தையில எந்திரிச்சு மொத அடி அதுலதான வெக்கணும்” என்றாள்.

அழகுமலை சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். சண்முகவேலும் இரண்டு பலகையோடு வந்து படியைப் பார்த்தார். குனிந்து அவன் காதுக்குள், “வீல்சேரு வண்டி இதுல ஏறாதுங்களேண்ணா. எறக்கவே முடியாது” என்றார். பிறகு பலகையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வேனுக்குப் போய்ச் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார்.

படியா, சரிவா? படியாகக் கட்டினால் இன்னும் கொஞ்ச நாளைக்கு அவள் தையை எண்ணிக்கொண்டு கிடப்பாள். பெட்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். யாராவது ஒருநாள் வாய் தவறிச் சொல்வார்கள். இல்லையென்றால் தை வந்தே சொல்லிவிடும். அவன் கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கலவை இறுக ஆரம்பித்துவிட்டால் எதற்கும் ஆகாது. எழுந்து உடைசல் செங்கலை அள்ளிவந்து இரண்டு படியின் மேலும் நிரவினான். பலகைகளைக் குறுக்கே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் வாசலிலிருந்து தரைக்குச் சாய்த்து வைத்துச் செங்கல் கொடுத்து நிறுத்தினான்.

கட்டிலிலிருந்து திறந்த கதவு வழியாக வாசல் நன்றாகத் தெரியும். அவன் தலையைத் தூக்கவில்லை. கலவையைக் கொட்டினான், கொத்துக் கரண்டியால் இழுத்தான். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“மேல்படிய உசரமா வெச்சிராதீக. எனக்கு மொதல்ல காலத் தூக்கி வெக்க வராது” என்றாள்.

அவன் கலவையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

“ஏங்க.”

“ம்.”

“பலகையச் சாச்சு வெச்சிருக்கீக.”

கரண்டி ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. சித்தாளாக எத்தனை கட்டடத்தில் கலவை சுமந்தவள். படிக்குப் பலகை எப்படி நிற்கும், சரிவுக்கு எப்படி நிற்கும் என்று அவளுக்கு யார் சொல்ல வேண்டும்?

“டாக்டரு என்னங்க சொன்னாரு?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி குனிந்து தேய்த்தான். ஏற்கெனவே மட்டமாகிவிட்ட இடத்தையே தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டிருந்தான். சொட்டுச் சொட்டாக என்னவோ அதன் மேல் விழுந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்தான். உள்ளேயிருந்து விம்மலோ அழுகையோ கேட்கும் என்று காத்திருந்தான். கத்தினால்கூடத் தேவலை, கரண்டியைத் தூக்கி எறி என்று திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, வண்டி போகும் சத்தம் கேட்டது.

“அப்படி மொழுமொழுன்னு தேய்க்காதீக” என்றாள் கடைசியில். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. “வண்டி வழுக்கிரும். ஈரம் காயுறதுக்கு மின்ன வெளக்கமாத்தால கோடு இழுத்துவிடுங்க.”

அழகுமலை நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஈரத்தை மிதிக்காமல் எட்டிக் கதவுக்குப் பின்னால் கைவிட்டான். அன்றைக்கு யாரோ கொண்டுவந்து சாத்தி வைத்த விளக்குமாறு அப்படியே இருந்தது. அதன் குச்சிகளுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை இரண்டு சிக்கியிருந்தது. அதை உதறாமல் வாசல் பக்கமிருந்து கீழே வரைக்கும், குறுக்காக, ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டே வந்தான்.